மூன்றாம் பெட்டியின் ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்குவதற்காக, நான் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்துக்குப் போயிருந்தேன். முத்தாபுதுப்பேட்டையில் என் வீட்டிலிருந்து வெள்ளானூருக்குப் போகும் வழியில் இப்போது பதினோரு வேகத்தடைகள். என் காலத்தில் நான்கு. முதுகுத்தண்டு உள்ளவர்களைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

கையெழுத்துக்காகக் காத்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் ஓர் இளம் விஞ்ஞானி என்னைப் பூச்சி அறைக்கு அழைத்துப் போய் ஒரு கருவியைக் காட்டினார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைத் தானே பதிந்துகொள்ளுமாம்.

"ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூத்தி நாப்பது ரீடிங் சார். உங்க காலத்துல எத்தனை?"

"மூன்று," என்றேன். "காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை நாலு."

"அப்போ மீதி ஆயிரத்து நானூத்தி முப்பத்தேழு நிமிஷம் என்ன நடந்துச்சு சார்?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிலையத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எழுத எனக்கு ஒரு விஷயம்தான் இருக்கிறது. அது இந்தக் கேள்விக்கான பதில்.

அது ஒரு விதைக் கம்பெனியின் நிலையம். அங்கே இருபத்தெட்டு ஆண்டுகள் நான் அசுவினி எண்ணினேன். காராமணிக் கொழுந்தில் கறுப்பாக மொய்த்துச் சாறு உறிஞ்சுமே, எள்ளைவிடச் சிறிய பூச்சி, அதுதான். விலங்கியல் பட்டம் படித்துவிட்டு, ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் அப்பாவின் சம்பளத்தில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்த பிறகு இந்த வேலை கிடைத்தது. பயிற்சி ஆறு மாதம். அதில் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: ஒட்டக நிறமுள்ள மெல்லிய தூரிகையின் ஒற்றை மயிரை ஈரமாக்கி, பூச்சியின் வயிற்றுக்கு அடியில் நுழைத்து, அதன் வாய் ஊசி முறியாமல் தூக்குவது. முறிந்தால் அது செத்துவிடும். முதல் மாதத்தில் இருநூற்றுப் பதின்மூன்றை முறித்தேன். கடைசி வருடத்தில் நான்கு.

அசுவினியோடு தனியாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்கே அது எப்படிப்பட்ட பிராணி என்று தெரியும். நம் ஊர் வெயிலில் அவற்றில் ஆண் கிடையாது. அத்தனை வருடத்தில் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. முட்டையும் கிடையாது. தாய் இலையில் வாயைக் குத்தியபடி குனிந்து நிற்கும். பின்பக்கம் கொஞ்சம் உயரும். குட்டி பின்பக்கமாக வெளியே வரும், கால்களை மடக்கிக்கொண்டு, ஓசையில்லாமல். சில நிமிடங்களில் கால்கள் ஒவ்வொன்றாகப் பிரியும். ஆறு. இலையைப் பற்றிக்கொண்டு நாலைந்து அடி நடந்து, அதுவும் வாயைக் குத்திக்கொண்டு நின்றுவிடும். தாய் திரும்பிப் பார்ப்பதில்லை. உறிஞ்சுவதையும் நிறுத்துவதில்லை. பிறந்த அந்தக் குட்டியின் வயிற்றில் ஏற்கெனவே அதன் குட்டிகள் உருவாகத் தொடங்கியிருக்கும். பிறக்கும்போதே கர்ப்பம். எல்லாம் ஒரே முகம், ஒரே உடம்பு, ஒருத்தியே திரும்பத் திரும்ப வருவது போல.

எங்கள் அறையில் ஐந்து பெட்டிகள் இருந்தன. கண்ணாடிக் கதவு போட்ட ஆள் உயரக் குளிர்சாதனப் பெட்டி போன்றவை. உள்ளே விளக்கு உண்டு. முதல் பெட்டி பதினைந்து டிகிரி, இரண்டாவது இருபது, மூன்றாவது இருபத்தைந்து, நான்காவது முப்பது, ஐந்தாவது முப்பத்தைந்து. பெட்டிக்குப் பன்னிரண்டு தொட்டி. தொட்டிக்கு ஒரு தாய். தினமும் பிறந்ததை எண்ணி எடுத்துவிட வேண்டும். நாளைக்கு அறுபது எண்கள்.

இளையவர்கள் வெப்பநிலை என்றால் ஏதோ சூடு, குளிர் என்று நினைக்கிறார்கள். அந்த அறையில் அது காலம். ஒரே காலையில் பிறந்த அக்கா தங்கைகளைப் பிரித்து ஐந்து பெட்டியில் விடுவோம். பதினைந்து டிகிரியில் விடப்பட்டவள் இன்னும் வளர்ந்து முடியாமல் மெதுவாகத் தோல் உரித்துக்கொண்டிருக்கும்போது, இருபத்தைந்தில் விடப்பட்டவள் பாட்டி ஆகியிருப்பாள். முப்பதில் இருப்பவள் அவசரமாகப் பருவத்துக்கு வந்து, குறைவாகப் பெற்று, சீக்கிரம் செத்துப்போயிருப்பாள். முப்பத்தைந்தில் பெரும்பாலும் பருவத்துக்கே வராமல் இலையடியில் சாம்பல் போல் உதிர்ந்து கிடப்பார்கள். ஐந்து கண்ணாடிக்குப் பின்னால் ஐந்து வெவ்வேறு தேதிகள். நான் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு அவற்றுக்கு முன்னால் நடந்துகொண்டிருப்பேன். அந்த அறையிலிருந்து வெளியே வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

எங்கள் தலைவர் கிருபாகரன் சார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தமாட்டார். எந்தக் கேள்வியையும் அதே சொற்களில் மூன்று முறை கேட்பார். மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால்தான் எழுதிக்கொள்வார். காலையில் பூச்சி அறை வாசலில் நிற்பார். உள்ளே போகிறவர்கள் இரண்டு கையையும் அவர் முன் நீட்ட வேண்டும். குனிந்து, கண்ணை மூடி, முதலில் இடது உள்ளங்கை, பிறகு வலது உள்ளங்கை, பிறகு விரல் இடுக்குகள் என்று முகர்ந்து பார்ப்பார். கொசுவிரட்டி, வாசனைத் தைலம், மருந்து எதன் வாடை இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் மூச்சுக்காற்று விரலில் படும்போது எனக்கு எப்போதும் ஏதோ தப்பு செய்தது போலவே இருக்கும்.

அறைச் சுவரில் அவர் கையால் எழுதிய ஒரே ஒரு அட்டை: "பார்க்காமல் எழுதுகிறவர் இங்கே வேலையில் இருக்க முடியாது."

செடிகளைப் பார்த்துக்கொண்டது தனம். வெள்ளானூரின் பழைய விவசாயக் குடும்பம். நிலையம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய காராமணிக் கொல்லை இருந்தது. இப்போது அது மனைப்பிரிவு. பதினோரு வருடமாகத் தினக்கூலி. தண்ணீர் ஊற்றுவது, வாடிய செடியை மாற்றுவது எல்லாம் அவள்தான். அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு தட்டச்சாகி, கிருபாகரன் சாரின் கையெழுத்துக்காக அவர் மேசையில் இருந்தது. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

என் பழக்கம் அவளுக்கு ஒரு தமாஷ். நான் ஒரு சின்ன பாக்கெட் நோட்டு வைத்திருப்பேன். வழியில் பார்த்த நாய், கதவின் திருகாணி, யாராவது தும்மினால் எத்தனை தும்மல் என்று எல்லாவற்றையும் அதில் எழுதிவிடுவேன். எழுதாவிட்டால் மனது ஓயாது.

"இன்னா அண்ணாத்தே, இன்னிக்கி என் தலமயிர எண்ணியாச்சா?"

"உன் வளையல் இடது கையில் ஐந்து, வலது கையில் நாலு. ஒன்று எங்கே?"

"ஐய, நேத்து ஒட்ஞ்சிபோச்சி. ஊட்ல என் புருசன்கூட கேக்கல, நீ கேக்கறே பாரு."

இப்போது விஷயம் நடந்த மே மாதத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் மட்டும் முறை வைத்து வருவோம். அந்த ஞாயிறு என் முறை. பத்து நாற்பதுக்கு அறுபது எண்ணையும் முடித்தேன். பதினோரு மணிக்கு மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் தானாக எழுந்தது. விளக்குகள் வந்தன. பெட்டிகளின் முகப்பில் எண்கள் ஒளிர்ந்தன. நான் கூட்டல்களைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறையில் ஏதோ ஒன்று குறைந்திருப்பதாகப் பட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. அந்த அறையில் எப்போதும் ஐந்து மோட்டார்களின் முனகல் கேட்கும். எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அன்று அதை எண்ணவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வெப்பநிலை எழுத எழுந்தேன். விதி என்னவென்றால், பெட்டிக்குள் நூலில் தொங்கும் பாதரச வெப்பமானியைக் கண்ணாடி வழியாகப் பார்த்து எழுத வேண்டும். முகப்பில் ஒளிரும் எண்ணை நம்பக் கூடாது. மின்சாரம் போய் வந்தால் அது நாம் வைத்த வெப்பத்தையே காட்டிக்கொண்டு நின்றுவிடும். முதல் இரண்டு பெட்டிகளையும் பார்த்து எழுதினேன். மூன்றாவது பெட்டியின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. வெப்பமானி தெரியவில்லை. வெளியே வெயில், உள்ளே குளிர், வெளிப்பக்கம் வேர்த்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். துடைத்துப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டால், ஆவியின் மேல் நீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது, ஏறக்குறைய சம இடைவெளியில். நான் அதை எண்ண ஆரம்பித்துவிட்டேன். பதினேழு. நோட்டில் எழுதினேன்: "மூன்றாம் பெட்டி, கண்ணாடியில் நீர்க்கோடு 17." பிறகு பதிவேட்டில், முகப்பில் ஒளிர்ந்ததைப் பார்த்து, 25 என்று எழுதினேன்.

உண்மையைச் சொல்கிறேன். எண்ணிக்கைதான் என் வேலை, அளவு யாரோ கருவி சொல்வது என்று எனக்கு ஒரு அலட்சியம் இருந்தது. அந்தக் கட்டத்தில் எப்போதும் 25தான் வரும். என் கை அதை எழுதப் பழகிவிட்டிருந்தது.

மூன்று பத்துக்கு மின்சாரம் வந்தது. நாலு மணிக்குக் கண்ணாடி தெளிவாக இருந்தது. 25. வீட்டுக்குப் போனேன்.

திங்கள் எண்ணினேன். பன்னிரண்டு தாய்களும் பெற்றிருந்தன. செவ்வாய் எண்ணினேன். பெற்றிருந்தன. செவ்வாய்க்கிழமை பிறந்த குட்டிகளில் தொட்டிக்கு ஒன்றை அடுத்த தலைமுறைக்காக நிறுத்திவைத்து மற்றவற்றை எடுத்துவிட்டேன். தாய்களையும் எடுத்துவிட்டேன். எல்லாம் திட்டப்படி. ஒரு பூச்சிகூடச் சாகவில்லை.

மாறியது எறும்பு மட்டும். அசுவினி வெளியேற்றும் இனிப்பு நீருக்காக, என்ன செய்தாலும் மூன்றாம் பெட்டியின் வடிகுழாய்க்கு ஒரு எறும்புச் சாரை வந்துகொண்டே இருக்கும். நிமிடத்துக்கு முப்பது, முப்பத்தொன்று. நோட்டில் இருக்கிறது. அந்தப் புதன்கிழமை பன்னிரண்டு. வெள்ளி நான்கு. சனிக்கிழமை சுவர் வெறுமையாக இருந்தது. பெட்டிக்குள் எல்லாம் நலமாக இருந்தன. எறும்புகள் மட்டும் எதையோ கேள்விப்பட்டது போலப் போய்விட்டன.

அடுத்த திங்கள் காலை. வாசலில் கையை நீட்டி நின்றோம். தனத்தின் கையில் கிருபாகரன் சாரின் மூக்கு நின்றுவிட்டது.

"இது என்ன வாசனை?"

"ஒண்ணியும் இல்ல சார்."

"இது என்ன வாசனை?"

"நேத்து என் பொண்ணுக்குத் தல பாத்தேன் சார். ஸ்கூல்ல பேன் ஏத்திகினு வந்துட்ச்சி. பேன் மருந்து வாங்கியாந்து தேச்சி உட்டேன். நாலு வாட்டி சோப்பு போட்டுக் கைய கழுவிக்கினேன், சத்தியமா."

"இது என்ன வாசனை?"

"பேன் மருந்துதான் சார்."

அவர் அவளை மறுபடி கழுவச் சொன்னார். கழுவினாள். முகர்ந்தார். யோசித்தார். வாசனை போய்விட்டிருந்ததால் உள்ளே விட்டார். அன்று அவள் மூன்றாம் பெட்டியில்தான் வாடிய செடிகளை மாற்றினாள்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பன்னிரண்டும் பெற வேண்டிய நாள். நான்கு முறை தோலுரித்து, முந்தின நாளே கன்னங்கரேல் என்று பளபளத்து நின்றன. பன்னிரண்டையும் பார்த்தேன். பூஜ்யம். முதல் நாள்தானே என்று விட்டேன். புதன்கிழமை பூஜ்யம். பன்னிரண்டு கட்டங்களிலும் பூஜ்யம்.

என் வேலையில் நான் பூஜ்யத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்று இங்கே, ஒன்று அங்கே. பன்னிரண்டு பூஜ்யம் ஒரே வரிசையில் நின்று பார்த்ததில்லை. அவை நோயாக இருந்தாலாவது பரவாயில்லை. கொழுத்து, மினுங்கி, வாயைக் குத்திக்கொண்டு, பின்பக்கத்தைச் சற்றே தூக்கி, பெறப்போகிற அதே நிலையில் நின்றன. நான் காலையில் பார்த்தேன், மதியம் பார்த்தேன், மாலையில் பார்த்தேன். அதே நிலை. யாரோ சொல்லப்போவதற்காக வாயைத் திறந்து, அப்படியே நின்றுவிட்டது போல.

கிருபாகரன் சார் ஒன்றை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் உப்பு நீர்த் துளியில் வைத்து, இரண்டு ஊசியால் பிரித்தார். சாதாரணமாக வயிற்றுக்குள் குட்டிகள் கோத்த மணி மாதிரி வரிசையாக இருக்கும். மூத்ததற்குக் கண் வந்திருக்கும், இரண்டு செம்புள்ளி. இதிலும் மணிகள் இருந்தன. பழுப்பேறிச் சுருங்கியிருந்தன. கண்கள் மட்டும் இருந்தன. நான் எண்ணினேன், ஆறு கண்கள். உடம்பு உருவாகாத இடத்திலிருந்து அவை மேலே, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மருந்து," என்றார் அவர். "கொல்ற அளவு இல்லை. கருவை மட்டும் கெடுத்திருக்கு."

வியாழக்கிழமை தனத்தைக் கூப்பிட்டார். நானும் இருந்தேன். அவர் திட்டவில்லை. மேசையில் இருந்த உத்தரவை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். மாதக் கடைசியோடு அவள் வரவேண்டியதில்லை என்றார்.

தனம் அழுவாள் என்று நினைத்தேன். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"என் கையாலயா சார்? என் கையாலயா இதுங்க வயிறு அடச்சிபோச்சி?" என்றாள். அவள் அதை நம்பிவிட்டாள். வெளியே வந்ததும் என்னிடம், "பதினோரு வருசமா நான் தண்ணி ஊத்தனதுங்க அண்ணாத்தே. இந்தக் கையால இனிமே என் பொண்ணுக்கு எப்டி சோறு போடறது?" என்றாள்.

அன்று மதியம் நான் எண்ணிப் பார்த்தேன். என்னால் வேறு எதுவும் செய்ய முடியாது. மருந்து பட்டது திங்கள். பிரித்துப் பார்த்தபோது கெட்டிருந்தவை புதிய கருக்கள் அல்ல. கண் வந்த மூத்த கருக்கள். செவ்வாயன்று பிறக்க வேண்டியவை திங்களன்று முழு உடம்போடு இருந்திருக்கும்; இவற்றுக்கு உடம்பே இல்லை, அதனால் இவற்றின் வளர்ச்சி திங்களுக்கு ரொம்ப முன்னாலேயே நின்றிருக்க வேண்டும். இவை பிறந்தது போன வாரச் செவ்வாய். பிறக்கும்போதே உள்ளே கரு உண்டு. அப்படியானால் கெடுத்தது எதுவோ அது இவை பிறப்பதற்கும் முன்னால், தாயின் வயிற்றுக்குள் இவையும், இவற்றின் வயிற்றுக்குள் அவையுமாக இருந்தபோது வந்து போயிருக்கிறது. செவ்வாய்க்கு முந்தின நாள் திங்கள். அதற்கு முந்தின நாள்?

பதிவேட்டைப் புரட்டினேன். ஞாயிறு, மூன்றாம் பெட்டி: 25, 25, 25. என் கையெழுத்து. பாக்கெட் நோட்டைப் புரட்டினேன். 17.

மோட்டார் முனகல் அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. பதினோரு நாளைக்கு முந்தைய அறையில் நான்கு முனகல்கள்தான் இருந்தன; ஜெனரேட்டரில் மூன்றாம் பெட்டியின் மோட்டார் மட்டும் எழவில்லை.

உடனே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. சுவரில் அந்த அட்டை இருந்தது. எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. வியாழன் மாலை நாலு மணியிலிருந்து சனிக்கிழமை காலை ஒன்பது மணி வரை, நாற்பத்தொரு மணி நேரம் சும்மா இருந்தேன். வெள்ளிக்கிழமை தனம் கையில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றினாள். பை சரசரக்கும் சத்தம் பெட்டிக்குப் பெட்டி நகர்ந்ததைக் கேட்டுக்கொண்டு குனிந்து எண்ணினேன். அன்றைக்குத்தான் என் வாழ்க்கையில் முதல் முறையாகக் கூட்டல் தப்பியது.

சனிக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு போய் கிருபாகரன் சாரின் மேசையில் வைத்தேன். சொன்னேன்.

அவர் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு, "எத்தனை கோடு?" என்றார்.

"பதினேழு சார்."

"எத்தனை கோடு?"

"பதினேழு."

"எத்தனை கோடு?"

"பதினேழு சார். சம இடைவெளியில்."

எழுந்து பூச்சி அறைக்குப் போனார். நான் பின்னால் போனேன். மூன்றாம் பெட்டியைத் திறந்தார். மேல் தட்டு கம்பிகளால் ஆனது. ஒவ்வொரு கம்பியின் நுனியும் மூடிய கதவின் உட்பக்கத்தைத் தொட்டபடி இருக்கும். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். நானும் மனதுக்குள் எண்ணினேன். பதினேழு. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் நீர் அதன் இஷ்டத்துக்கு இறங்கியிருக்கும். உள்ளே, விளக்கு எரிய, குளிரூட்டி நிற்க, செடிகளும் மண்ணும் வெந்து ஆவியாகி, கம்பியில் சேர்ந்து, கம்பிக்கு ஒரு கோடாகக் கண்ணாடியில் இறங்கியிருக்கிறது. ஓர் அங்குலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் அதை எண்ணியிருக்கிறேன்.

"ஒரு தடவை நடந்தது எனக்குப் போதாது," என்றார். "திரும்பச் செய்யுங்க."

செடிகளில் அசுவினி வளர்த்துவைத்திருந்த வலைக்கூடத்திலிருந்து புதிதாகத் தாய்களை எடுத்தோம். மூன்றாம் பெட்டியில் பன்னிரண்டு. இரண்டாம் பெட்டியையும் இருபத்தைந்துக்கு மாற்றி அதில் பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணியிலிருந்து மூன்று பத்து வரை மூன்றாம் பெட்டியின் விளக்கை விட்டுவிட்டு மோட்டாரை நிறுத்தினோம். இரண்டாம் பெட்டிக்கு ஒன்றும் செய்யவில்லை. அதன் குட்டிகளுக்கு, எட்டாம் நாளான திங்கட்கிழமை, தனம் முந்தின நாள் பேன் மருந்து தேய்த்த கையால் செடி மாற்ற வேண்டும். இது அவர் உத்தரவு.

"என் பொண்ணு தலைல இப்ப ஒரு பேன்கூட இல்லியே சார். யார் தலையப் போயி தேடறது?" என்றாள் தனம்.

அவர் சிரிக்கவில்லை. "சும்மாத் தேய்ங்க," என்றார்.

அந்த ஞாயிறு கண்ணாடியில் ஆவி படிந்தபோது மூன்று பேரும் முன்னால் நின்றோம். தனத்திடம் அதற்கு முன்பே எல்லாம் சொல்லிவிட்டிருந்தேன், அந்த நாற்பத்தொரு மணி நேரம் உட்பட.

"நாப்பத்தியொண்ணா? அத்தயும் எண்ணிகினுதான் இருந்தியா?" என்றாள். அன்று பெட்டி முன்னால் சாருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். கோடுகள் இறங்க ஆரம்பித்தன. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். சார் பெட்டியின் பக்கத் துளை வழியே வேறொரு வெப்பமானியை விட்டு எடுத்துப் பார்த்தார். முப்பத்தெட்டரை.

பிறகு ஒன்பது நாள் காத்திருந்தோம். அந்த ஒன்பது நாளை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தாய்கள் நலம். செவ்வாய்க்கிழமை குட்டிகள் நலமாகப் பிறந்தன. புதன்கிழமை எறும்பு குறைந்தது. குட்டிகள் நடந்தன, உறிஞ்சின, வெள்ளைத் தோல்களை உரித்துப் போட்டுவிட்டு வளர்ந்தன. தனத்தை மருந்துக் கையோடு வரவேண்டிய அந்தத் திங்கள் தவிர மற்ற நாள் உள்ளே விடவில்லை. ஆனாலும் தினம் காலையில் வாசல் கேட்டுக்கு வந்து நின்று கத்துவாள்.

"இன்னா அண்ணாத்தே, எப்டி கீதுங்க?"

"நல்லா இருக்கு."

"ஐயோ, நல்லா கீதா?" என்று முகம் சுண்டிவிடும். நல்லா இருக்கக் கூடாது என்று அவளும் வேண்டிக்கொள்ள, நானும் வேண்டிக்கொள்ள, அதைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அவை உள்ளே கொழுத்துக்கொண்டிருந்தன. பிறக்காமல் போகவேண்டியவற்றுக்காக இரண்டு பேர் காத்திருந்தோம்.

ஒன்பதாம் நாள், செவ்வாய். இரண்டாம் பெட்டி: பன்னிரண்டில் ஒன்று செத்துக் கிடந்தது, மற்ற பதினொன்றும் பெற்றிருந்தன, மொத்தம் நாற்பத்து மூன்று. மருந்து செய்தால் அப்படித்தான் செய்யும், பிணத்தைக் காட்டும். மூன்றாம் பெட்டி: பன்னிரண்டும் உயிரோடு, பளபளப்பாக, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு. பூஜ்யம். சார் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் பூஜ்யம் என்றேன்.

"தாய் தாங்கிட்டா," என்றார். "மகளும் தாங்கிட்டா. மகளுக்குள்ள இருந்தது தாங்கல." இழுப்பறையைத் திறந்து, உத்தரவை எடுத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். என் பக்கம் திரும்பாமல், "உங்க எண்ணிக்கையை நம்புறேன். அளவை நம்பமாட்டேன். இனிமே வெப்பமானியைத் தனம் படிக்கட்டும், நீங்க எழுதுங்க," என்றார். என் கோப்பில் ஒரு வரி எழுதினார். அது இன்றும் அங்கே இருக்கும்.

தனத்தை உள்ளே அழைத்து வந்தேன். மூன்றாம் பெட்டியின் முன் நின்று வெகுநேரம் பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"எவ்ளோ ஷோக்கா கீதுங்க பாரு. அன்னிக்கி ஞாயித்துக்கெயமயே எல்லாம் முடிஞ்சிபோச்சின்னு அதுங்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது." என்னைப் பார்த்தாள். "இப்ப நல்லா கீற நாம எல்லாம் எந்த ஞாயித்துக்கெயமயத் தாண்டி வந்துகினு கீறோமோ, யார் கண்டா?"

சோதனை முடிந்த பூச்சிகளை வெந்நீரில் போட்டுவிடுவது வழக்கம். அவற்றைப் போட அவள் விடவில்லை. தானாகச் சாகும்வரை தண்ணீர் ஊற்றினாள். கடைசியாகச் செத்தது பதினாறாம் நாள். அதுவரை அது தன் நிலையை மாற்றவில்லை.

அதன் பிறகு ஒன்பது வருடம், நாளைக்கு மூன்று முறை, அவள் படித்தாள், நான் எழுதினேன். "இரு அண்ணாத்தே, தொட்சிட்டுப் பாக்கறேன். உம், இருவத்தஞ்சி. எய்திக்கோ." என் பதிவேடுகளில் நான் முழுதாக நம்பும் பகுதி அதுதான்.

இளம் விஞ்ஞானிக்கு இதுதான் பதில். மீதி ஆயிரத்து நானூற்று முப்பத்தேழு நிமிடங்களில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. பூச்சிகளுக்குள் அது எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. ஒன்பது நாள் கழித்துத்தான் எங்களால் வாசிக்க முடிந்தது.

இப்போதும் எங்கே ஆவி படிந்த கண்ணாடியைப் பார்த்தாலும் என் விரல் போய்விடுகிறது. ஆவடி பேக்கரியின் கேக் அலமாரி, குளிர்பானக் கடைப் பெட்டி, மழை நாளில் பஸ் ஜன்னல். கடைக்காரர்கள் முறைக்கிறார்கள். துடைத்து, விரலைப் பார்ப்பேன். ஈரம் ஒட்டினால் வெளிப்பக்கம், நிம்மதியாகப் போய்விடுவேன். இந்த வருடம் இதுவரை இருநூற்றாறு கண்ணாடிகள். நூற்றுத் தொண்ணூற்றெட்டில் ஈரம் ஒட்டியது.

மீதி எட்டின் முன்னால்தான், விரல் காய்ந்திருக்க, கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.